சேமக்காலையில் எனக்கென்றிருந்த இடம்

அவளுடைய புருசன் எங்கள் கோயில் வளவுக்குள் வந்து நின்றபோது காலை எட்டு மணி இருக்கும். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தான். கோயிலுக்குப் பக்கத்து மண்டபத்தில் பங்குப் பேரவை அவசரமாகக் கூடியிருந்தது. ஃபாதர், பேரவைத் தலைவரான சம்மாட்டியார், என்னோடு சேர்த்து இன்னும் ஏழு பேர். அவனை உள்ளே வரச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. ஒரு கதிரை எடுத்துப் போடவும் இல்லை. நானும் போடவில்லை.

அவன் கேட்டது ஒன்றுதான். முதல்நாள் பின்னேரம் ஆஸ்பத்திரியில் செத்துப்போன மனைவியைப் புதைக்க எங்கள் சேமக்காலையில் ஆறடி இடம்.

நாயாற்றுப் பக்கம் கடற்கரையோரம் இருக்கிற கத்தோலிக்க ஊர் எங்களுடையது. எங்கள் சனம் செத்தால் கடலுக்கும் பனங்கூடலுக்கும் நடுவில் இருக்கிற அந்தச் சேமக்காலையில்தான் புதைப்போம். என் புருசனும் அங்கேதான் கிடக்கிறார். சண்டை முடிந்து மீள்குடியேறி வந்த மூன்றாம் வருசம் கடலுக்குப் போனவரை மூன்று நாள் கழித்துப் பிணமாகத்தான் கரை சேர்த்தார்கள். அப்போதிருந்த ஃபாதரிடம் கேட்டு அவருக்குப் பக்கத்தில் எனக்கென்று ஓரிடம் விட்டு, நாலு மூலைக்கும் கல் நாட்டி வைத்திருந்தேன்.

செத்துப்போனவள் கத்தோலிக்கச்சி இல்லை. எங்கள் ஆட்கள் 'அல்லேலூயாக் கூட்டம்' என்று வாயைக் கோணிச் சொல்கிற சபையைச் சேர்ந்தவள். அதற்கு முன்னர் சைவக்காரி. மலையகத்தில் அடிபட்டு வன்னிக்கு வந்த தோட்டத் தொழிலாளர் குடும்பம். தர்மபுரத்தில் பிறந்து, கலியாணம் முடித்து எங்கள் ஊருக்கு மேற்கே இருக்கிற குடியேற்றத்துக்கு வந்தவள். ஐந்து வருசம் என்னுடைய கருவாட்டு வாடியில் வேலை செய்தாள். சூடை மீனைக் கழுவி உப்புப் போடுவதில் அவள் கை வேகத்துக்கு ஒருவரும் இல்லை. மத்தியானம் இரண்டு பேரும் ஒரே பாயில் இருந்து சாப்பிடுவோம். என் சம்பலில் உறைப்புப் போதாது என்று அவள் ஒவ்வொரு நாளும் சொல்லுவாள். ஒவ்வொரு நாளும் அதையே வழித்து வழித்துச் சாப்பிடுவாள்.

புருசனின் குடியை நிறுத்த அவள் கும்பிடாத தெய்வம் இல்லை. அம்மன் கோயிலுக்கு நேர்த்தி வைத்தாள். நான் கூட்டிக்கொண்டு போய் எங்கள் மாதாவுக்கு மெழுகுதிரியும் கொளுத்த வைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு வவுனியாவிலிருந்து வாரத்துக்கு ஒருதரம் வந்துபோகிற பாஸ்டர் ஒருவர் அவர்கள் வீட்டுக் கொட்டிலில் உட்கார்ந்து விடாமல் ஜெபம் செய்தார். புருசன் குடியை விட்டான். உண்மையாகவே விட்டான். ஒரு கிழமைக்குள் அவள் நெற்றியில் பொட்டு இல்லை, வாயில் வேறு கதை இல்லை.

அதை நான் பொறுத்துக்கொண்டேன். அவரவர் நம்பிக்கை என்றுதான் இருந்தேன். ஒருநாள் மீன் காயப்போடும்போது, என் வாடிச் சுவரில் தொங்கின மாதா படத்தைப் பார்த்து அவள் சொன்னாள்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. உங்க வீட்டுக்காரர் இந்த மாதாவக் கும்பிட்டுட்டுத்தானே கடலுக்குப் போனாரு. இவங்க காப்பாத்தலயே. உயிரில்லாததக் கும்பிட்டா எப்படிக் காப்பாத்தும்? நீங்களாவது தப்பிச்சுக்கணும்."

என் கையில் உப்பு வாளி இருந்தது. அதை அவளுக்கு எறியாமல் நிலத்தில் எறிந்ததுதான் நான் அன்றைக்குச் செய்த ஒரே நல்ல காரியம்.

"எழும்பிப் போ. நாளையிலயிருந்து இஞ்ச வராதை" என்றேன்.

அவள் அழவில்லை. கையைக் கழுவி, சேலையை உதறிக் கட்டிக்கொண்டு, "உங்களுக்காக ஜெபம் பண்ணுறேன் அக்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்தச் சொல்தான் என்னை இன்னும் எரித்தது. எனக்காக ஜெபிக்க நீ யாரடி என்று அவள் முதுகைப் பார்த்துக் கத்தினேன்.

அதோடு நான் விடவில்லை. சபையின் கொட்டிலில் ஒலிபெருக்கி வைக்கிறார்கள், அனுமதி இல்லாத கட்டடம் என்று எங்கள் ஆட்களும் சைவ ஆட்களும் சேர்ந்து பிரதேச செயலகத்துக்கு ஒரு மனு எழுதினார்கள். மற்றைய விசயத்தில் எல்லாம் முகம் பார்க்காத இரண்டு பகுதியும் அந்த ஒரு விசயத்தில் அண்ணன் தம்பி ஆகிவிட்டார்கள். அந்த மனுவில் மூன்றாவது கையெழுத்து என்னுடையது.

பிறகு அவளுக்குச் சிறுநீரகம் பழுதாகிவிட்டது என்று கேள்விப்பட்டேன். கிழமைக்கு இரண்டுதரம் பஸ் ஏறி இரத்தம் சுத்திகரிக்கப் போய் வந்தாள். ஒருதரம்தான் பார்க்கப் போனேன். மீன் சொதி கொண்டு போனேன். மீன் சாப்பிடலாமோ என்றுகூட விசாரிக்காமல் கொண்டு போனேன். அவள் முகம் ஊதி, கால் ஊதி, வாங்குப் பலகையில் சாய்ந்து கிடந்தாள். என்னைக் கண்டதும் கையைப் பிடித்தாள். பழைய கதை ஏதாவது சொல்லுவாள் என்று நினைத்தேன்.

"அக்கா, நேரம் கொஞ்சந்தான் இருக்கு. எனக்கில்ல, உங்களுக்குச் சொல்றேன். அந்தச் சிலைய விட்டுட்டு வாங்க."

மூச்சு எடுக்க முடியாத மனிசிக்கு அந்த மூச்சிலும் எனக்குப் பிரசங்கம். நான் கையை உருவிக்கொண்டு வந்துவிட்டேன். சொதிச் சட்டியைக்கூடத் திருப்பி எடுக்கவில்லை.

அப்படிப்பட்டவள்தான் அன்றைக்குச் செத்து, வெயில் ஏற ஏறக் கொட்டிலில் பெட்டிக்குள் கிடந்தாள்.

அவளுடைய புருசன் முதலில் தன் ஆட்களிடம் போயிருக்கிறான். குடியேற்றத்துச் சுடலைக்குப் பொறுப்பானவர்கள், "கிறிஸ்தவ வேதத்துக்கு மாறிப் போன ஆக்களுக்கு இஞ்ச இடமில்லை. வேணுமெண்டா எரிக்கலாம், எங்கட முறைப்படி" என்று சொல்லிவிட்டார்கள். புதைக்க வேண்டும் என்பது செத்தவளின் சொல். தர்மபுரத்தில் இருந்த அவளுடைய அண்ணன்மாரிடம் போனில் கேட்டான். அவர்கள் போனை வைத்துவிட்டார்கள். பாஸ்டர் வவுனியாவிலிருந்து வந்துகொண்டிருந்தார். அவர் சபைக்கென்று ஒரு துண்டு மயானம் கிடையாது. கடைசியாகத்தான் அவன் எங்களிடம் வந்தான். இயேசுவின் பெயரைச் சொல்கிற இன்னொரு கூட்டம் என்று நம்பி வந்தான்.

சம்மாட்டியார்தான் முதலில் வாய் திறந்தார். நாலு படகு வைத்திருக்கிறவர், கோயிலுக்குக் கூரை போட்டவர், என்னைத் தங்கச்சி என்று கூப்பிடுகிறவர்.

"ஃபாதர், அவையள் எங்கட மாதாவைக் கல்லெண்டு சொன்ன ஆக்கள். திருநாளுக்கு மாதாவின்ர சுருவம் வீதி சுத்தேக்க முகத்தைத் திருப்பிக்கொண்டு நிண்டவை. செத்தாப் பிறகு மட்டும் மாதாவுக்குப் பக்கத்தில படுக்கோணுமோ?"

ஆமாம், ஓம் என்று தலைகள் ஆடின. இன்று இவளை விட்டால் நாளைக்கு அந்தச் சபை முழுவதும் வந்து படுக்கும் என்றார் ஒருவர். சேமக்காலை மந்திரித்த நிலம் என்றார் இன்னொருவர். ஃபாதர் வயதில் குறைந்தவர், ஊருக்கு வந்து இரண்டு வருசம். நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "பேரவை ஒரு முடிவுக்கு வரட்டும்" என்றார். என் தம்பி வயதுக்காரரை நான் அதுவரை அப்படி வெறுத்துப் பார்த்ததில்லை.

அப்போது பேரவைச் செயலாளர், ஓய்வுபெற்ற வாத்தியார், பெரிய மனது காட்டுகிற குரலில் ஒரு வழி சொன்னார்.

"நாங்கள் ஈவிரக்கமில்லாத சனம் இல்லை. இடம் குடுப்பம். ஆனா அவரும் பிள்ளையளும் கத்தோலிக்கத் திருச்சபையில சேருறம் எண்டு ஒரு கடிதம் எழுதித் தரட்டும். பிள்ளையள் ஞாயிறு மறைக்கல்விக்கு வரட்டும். ஒரு ஆத்துமாவாலே மூண்டு ஆத்துமா கரை சேரும்."

எல்லோருக்கும் அது பிடித்துப்போயிற்று. சம்மாட்டியார்கூட இறங்கி வந்தார். மண்டபத்தில் இருந்த இறுக்கம் போய், ஏதோ புண்ணியம் செய்துவிட்ட மாதிரி முகங்கள் இளகின. செயலாளர் கொப்பியிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுதத் தொடங்கினார். வாசிக்கவும் செய்தார். வெளியே நின்றவனுக்கு அது ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

அவன் படியில் ஏறி வாசலில் நின்றான்.

"எங்கன்னு சொல்லுங்க ஐயா, போட்டுர்றேன். எதுல வேணும்னாலும் போட்டுர்றேன். அவள வெச்சிருக்க முடியல."

குடியை விட்ட மனிதன். அந்த ஒன்றுக்காகத் தன் சொந்தக்காரர், ஊர், சுடலை எல்லாவற்றையும் இழந்தவன். மனைவியின் உடம்பு பழுதாகப் போகிறது என்ற பயத்தில், அதையும் எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்று கையை நீட்டிக்கொண்டு நின்றான். செயலாளர் பேனையை அந்தக் கையில் வைத்தார்.

எனக்குள் என்ன நடந்தது என்று இன்றுவரை விளங்கவில்லை. நான் இரக்கத்தில் எழும்பவில்லை. அதை இரக்கம் என்று சொன்னால் பொய். ஆத்திரத்தில் எழும்பினேன். போய் அந்தத் தாளைப் பறித்து நாலாகக் கிழித்தேன்.

"ஃபாதர், அந்த மனிசன் பெஞ்சாதியின்ர பிரேதத்தை வெக்கைக்குள்ள போட்டிட்டு வந்து நிக்குது. இப்ப நீங்கள் பிசாசைக் கும்பிடச் சொன்னாலும் கையெழுத்து வைக்கும். இப்பிடி வாங்கிற விசுவாசத்தைக் கொண்டுபோய் எந்தப் பீடத்தில வைக்கப் போறியள்?"

"தங்கச்சி, இரு. கத்தாதை" என்றார் சம்மாட்டியார்.

"நீங்கள் கதைக்காதேங்கோ அண்ணை. கடைசிச் சண்டையில என்ர மாமி ஷெல் பட்டுச் செத்தபோது பங்கருக்குப் பக்கத்தில கிடங்கு வெட்டினது ஆர்? நீங்கள்தானே? அதே கிடங்குக்குள்ள பக்கத்துத் தறப்பாள் கொட்டிலில செத்த கிழவரையும் வச்சு மூடினனீங்கள். நெத்தி முழுக்கத் திருநீறு. பேர்கூட ஒருத்தருக்கும் தெரியாது. அந்த மனிசனிட்ட ஞானஸ்நானச் சேட்டிபிக்கற் கேட்டனீங்களோ?"

"அது சண்டை நேரம். இது வேறை."

"ஓம், வேறை. அப்ப எங்களிட்ட ஒண்டும் இருக்கேல்லை. இப்ப மதில் இருக்கு, கேற் இருக்கு, அதுக்குப் பூட்டிருக்கு."

நான் ஃபாதரைப் பார்த்து, என் புருசனுக்குப் பக்கத்தில் கல் நாட்டின இடம் எனக்குத் தந்ததுதானே, அதில் வைக்கட்டும் என்றேன். அது உன்னுடைய சொந்தக் காணி இல்லை, கோயில் காணி என்றார் செயலாளர். "அப்ப கோயில் சொல்லட்டும்" என்று ஃபாதரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். "பிரசங்கம் வேண்டாம் ஃபாதர். ஓம் எண்டு சொல்லுங்கோ, இல்லையெண்டு சொல்லுங்கோ."

அவர் எழும்பி, சேமக்காலைச் சாவியைத் தானே எடுத்துக் கொண்டுவந்து என் கையில் தந்தார்.

"கிடங்கை வெட்டுங்கோ அக்கா. கேக்கிற ஆக்களுக்கு நான் பதில் சொல்லுறன்."

மண்வெட்டியோடு நான் மட்டும்தான் போனேன். கடற்கரை மண். ஒரு முழம் வெட்டினால் அரை முழம் சரிந்து விழும். வெயில் முதுகில் ஏறி நின்றது. இடுப்பளவு ஆழம் போவதற்குள் உள்ளங்கை தோல் உரிந்துவிட்டது. அங்கே நின்று யார் யாரையோ வாய்க்கு வந்தபடி ஏசினேன். சம்மாட்டியாரை, செயலாளரை, சுடலைக்காரரை, போனை வைத்த அண்ணன்மாரை. என் புருசனையும் ஏசினேன், அன்றைக்குக் கடலுக்குப் போனதுக்கு. செத்துப்போனவளை மற்ற எல்லாரையும்விடக் கூட ஏசினேன். உன்னாலே என்னடி எனக்கு இந்த வேலை என்று கிடங்குக்குள் நின்று கேட்டேன்.

பத்து மணிபோல் இரண்டு பேர் வந்தார்கள், படகுத் தொழிலாளிகள். ஒன்றும் சொல்லாமல் என்னை மேலே தூக்கிவிட்டு இறங்கி வெட்டினார்கள். மண் சரியாமல் பக்கங்களில் முண்டு கொடுக்கப் பலகை வேண்டும் என்று பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு லாண்ட்மாஸ்டர் உழவு மெசினில் பனம்பலகை வந்து இறங்கிற்று. சம்மாட்டியார் வீட்டுப் பலகை. அவர் வரவில்லை, ஒரு சொல்லும் அனுப்பவில்லை, பலகையை மட்டும் அனுப்பியிருந்தார்.

மத்தியானம் பெட்டி வந்தது. அவனும் இரண்டு பிள்ளைகளும் சபையைச் சேர்ந்த இருபது பேரும், வெள்ளைச் சேட்டுப் போட்ட பாஸ்டரும். எங்கள் ஊரிலிருந்து பெண்கள் நாலு பேர் பனைகளுக்குக் கீழே தள்ளி நின்றார்கள். ஃபாதர் வந்து அங்கியில்லாமல் ஓரமாக நின்றார்.

பாஸ்டர் ஜெபம் செய்தார். அரை மணித்தியாலம். கையைத் தட்டிப் பாடினார்கள். பிறகு அவர் கண்ணை மூடி, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு உரத்த குரலில் சொன்னார்: "கர்த்தாவே, விக்கிரகங்கள் நிறைந்த இந்த இடத்திலே உம்முடைய பிள்ளை நித்திரை செய்கிறாள். இங்கே இருளில் கிடக்கிறவர்களுக்கும் இருளில் நிற்கிறவர்களுக்கும் உம்முடைய வெளிச்சம் உதிக்கட்டும்."

இருளில் கிடக்கிறவர் என்றால் ஒன்றரை அடி தள்ளிக் கிடக்கிற என் புருசன். இருளில் நிற்கிறவள் நான். என் கையில் இன்னும் இரத்தம் காயவில்லை. கிடங்கு வெட்டின இரண்டு பேரில் மூத்தவன் என் காதுக்குப் பக்கத்தில் வந்து, "அக்கா, நிப்பாட்டச் சொல்லட்டோ?" என்று கேட்டான். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"விடு" என்றேன்.

பொறுமையில் சொன்னதில்லை. அந்த மனிதரின் வாயை மண்ணால் அடைக்க வேண்டும் போலத்தான் இருந்தது. ஆனால் அதை நிறுத்தினால், காலையில் நான் கிழித்த தாளை நானே திரும்ப எழுதினதாகப் போய்விடும். வாயை மூடினால்தான் இடம் என்று. செத்தவளுக்கு அவளுடைய ஜெபம்தான் வேண்டும், என்னுடையது இல்லை. என் காது எரிந்தால் எரியட்டும் என்று நின்றேன். முடியும்வரை நின்று ஒருபிடி மண்ணும் போட்டேன்.

அதற்குப் பிறகு ஊருக்குள் கதை ஓடிற்று. 'புருசனுக்குப் பக்கத்தில ஆரையோ கொண்டுவந்து படுக்க வச்சிட்டாள்' என்று சிரித்தார்களாம். அடுத்த பேரவைத் தெரிவில் என் பெயரை எடுத்துவிட்டார்கள். நீ செத்தால் எங்கே படுப்பாய் என்று செயலாளர் ஒருநாள் வீதியில் மறித்துக் கேட்டார். உங்கள் குடும்பத்துக் கல்லறைக்குப் பக்கத்தில் நல்ல விசாலமான இடம் இருக்குது, அங்கே வருகிறேன் என்றேன். அன்றிலிருந்து அவர் என்னைக் கண்டால் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போகிறார்.

ஃபாதர் ஒரு ஞாயிறு பிரசங்கத்தில், பெயர் சொல்லாமல், மாற்று நம்பிக்கை உள்ளவரை நேசித்த ஒரு சகோதரி என்று என்னைப் பற்றிச் சொன்னார். பூசை முடிந்ததும் போய், இனி அப்படிச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். நான் அவளை நேசித்தேனோ தெரியாது. உயிரோடு இருந்தபோது வேலையால் கலைத்தேன், அவள் ஜெபிக்கிற கொட்டிலைப் பூட்டச் சொல்லிக் கையெழுத்து வைத்தேன். செத்த பிறகு கொடுத்த குழியைக் காட்டி என்னை நல்லவள் ஆக்குவது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அந்த மனுவை மீளப் பெறச் சொல்லி நான் தனியாக ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். அதை யாரும் பிரசங்கத்தில் சொல்லவில்லை. பதிலும் இன்னும் வரவில்லை.

அவளுடைய புருசன் எனக்கு நன்றி சொல்லவில்லை. எதிர்பார்க்கவில்லை என்று சொன்னால் அதுவும் பொய். எதிர்பார்த்தேன். மாதம் ஒருதரம் வந்து புல் பிடுங்கிவிட்டுப் போவான். போன கார்த்திகையில் மரித்த ஆத்துமாக்களின் நாள் வந்தது. பின்னேரம் ஊரே சேமக்காலைக்கு வந்து ஒவ்வொரு கல்லறையிலும் மெழுகுதிரி கொளுத்திற்று. நான் என் புருசனுக்கு நாலு திரி கொளுத்தினேன். பக்கத்தில் இவள் கிடந்த மேடு வெறுமையாக இருந்தது. மனம் கேட்கவில்லை, இரண்டு திரி கொளுத்தி வைத்தேன். அவன் பனைப்பக்கமிருந்து வந்து, குனிந்து, இரண்டின் சுடரையும் விரலால் நூர்த்தான். மெதுவாகத்தான் செய்தான். நூர்த்த திரிகளை என்னிடமே நீட்டினான்.

"எங்களுக்கு இது வேணாங்கக்கா. அவளுக்குப் பிடிக்காது."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடிக்க முடியாது. "நான் குடுத்த இடத்திலதான் படுத்திருக்கிறாள்" என்று வாய்வரை வந்துவிட்டது. விழுங்கினேன். அதை மட்டும் விழுங்கினேன்.

"அப்ப என்னதான் வேணும் அவளுக்கு?" என்று கத்தினேன். பக்கத்துக் கல்லறையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவன் திரிகளை என் கையில் வைத்துவிட்டுச் சொன்னான். "ஆஸ்பத்திரியில கடைசி நாளும் உங்க பேரச் சொல்லித்தான் ஜெபம் பண்ணுனா. எங்க அக்காவ விட்டுறாதீங்க ஆண்டவரேன்னு. உங்கள இந்தச் சிலையில இருந்து மீட்கணும்னுதான் கேட்டா. நாந்தான் சொல்லல, நீங்க கோவப்படுவீங்கன்னு."

கோபப்பட்டேன். நான் கேட்டேனா அவளிடம், என்னை மீட்கச் சொல்லி? அவளைக் கலைத்து விட்டவள் நான், ஒருதரத்துக்கு மேல் எட்டிப் பார்க்காதவள், கையை உருவிக்கொண்டு வந்தவள். அப்படிப்பட்ட எனக்காகச் சாகக் கிடக்கும்போதும் ஒருத்தி விடாமல் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள், எனக்கு வேண்டாத ஒன்றை. அவளுக்கு வேண்டாத மெழுகுதிரியை நானும் கொளுத்திக்கொண்டு நின்றேன்.

அவன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். நூர்த்த இரண்டு திரியையும் என் புருசனுடைய கல்லறையில் மற்ற நாலோடு சேர்த்துக் கொளுத்தினேன். காற்று அடித்துக்கொண்டே இருந்தது, ஒவ்வொன்றாக அணைந்தது. திரும்பத் திரும்பக் கொளுத்தினேன். அவளுடைய மேட்டில் ஒன்றும் வைக்கவில்லை. கையை மட்டும் அந்த மண்ணில் ஊன்றிக்கொண்டுதான் எழும்பினேன், முழங்கால் வலி.